குடும்பக் கையேடு: பழைய வேன் வாங்கப் போகிறீர்களா?

புதுச்சேரி முல்லா வீதியிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார்: "பதினெட்டு ஆண்டுகள் வெளிநாட்டில் உழைத்துவிட்டு என் கணவர் ஊர் திரும்பியிருக்கிறார். படுக்கையும் அடுப்பும் பொருத்திய பழைய வேன் ஒன்றை வாங்கி, பிள்ளைகளோடு காரைக்கால், நாகூர் என்று உறவினர் ஊர்களுக்குச் சென்று வரவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பார்த்து வைத்திருக்கும் வண்டி பளபளவென்று இருக்கிறது. எஞ்சினும் நன்றாக ஓடுகிறதாம். ஆயினும் சேமிப்பில் பெரும்பகுதி இதில் போய்விடுமே என்று என் மனம் அஞ்சுகிறது. முன்பணம் கொடுக்குமுன் எவற்றைக் கவனிக்க வேண்டும்?"

சகோதரி! உங்கள் கணவரின் ஆசை தவறானதன்று. குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்தவர், இனி எல்லோரும் ஒன்றாய்ப் பயணம் செய்ய வேண்டுமென விரும்புவது இயல்பே. உங்கள் அச்சமும் நியாயமானதே. பளபளப்பையும் எஞ்சினையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலில் வண்டியின் தரையைப் பாருங்கள்.

எஞ்சின் பழுதானால் செலவு செய்து சீராக்கிவிடலாம். ஆனால் துருவேறிய உடற்கூட்டை முழுமையாய் மீட்பது கடினம். நம் ஊரோ கடலோர ஊர். உப்புக் காற்றும் இரவுப் பனியும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத உட்பகுதிகளிலிருந்தே இரும்பை அரிக்கின்றன. வெளியே துரு தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். அதன்மேல் பட்டி பூசி, வண்ணம் அடித்துவிட்டால் புது வண்டி போலவே தோன்றும்.

இதைக் கண்டறிய ஒரு சிறு காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றி, சக்கர வளைவுகள், கதவுகளின் அடிப்பகுதி, முன்கண்ணாடியின் கீழ் விளிம்பு ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாமல் நழுவுமிடத்தில் இரும்புக்குப் பதிலாகப் பட்டி இருக்கலாம். பிறகு மெத்தையையும் விரிப்பையும் எடுக்கச் சொல்லுங்கள். மாலை இருட்டியபின் ஒருவர் உள்ளே அமர்ந்து கதவுகளை மூடிக்கொள்ள, மற்றொருவர் வெளியே குனிந்து வண்டியின் அடியில் டார்ச் விளக்கை அடிக்கட்டும். உள்ளே எங்கேனும் ஒளி கசிந்தால் அங்கே துளை இருக்கிறது.

துளையைப் பற்றி ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? நமது மாஹேக்குத் தெற்கே உள்ள கேரளத்து வடகரையில், 2024 டிசம்பரில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டி ஒன்றில் உறங்கிய இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வெளிப்பட்ட கார்பன் மோனாக்சைடு, வண்டித் தளத்திலிருந்த துளை வழியே உள்ளே புகுந்திருக்கிறது என்று கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக நிபுணர்கள் ஆய்ந்து கூறினர். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, உறங்குபவரை எழுப்புவதுமில்லை. ஆகவே தரை உறுதியாய் இருந்தாலும், எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு உள்ளே உறங்காதீர்கள். கரி அடுப்பும் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே தேங்கும். அது வெளியேறத் தரைமட்டத்தில் காற்றுவழி அமைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். குழாய் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அடுத்து எஞ்சின். நீங்கள் போகுமுன்னரே விற்பவர் அதை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கக்கூடும். எனவே முதலில் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை சொல்லும். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் எரிபொருள் மிகுதியாய்ச் செல்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2219 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். மெட்டாடோர், மாருதி ஆம்னி போன்றவற்றின் உற்பத்தி நின்றுவிட்டதால், உதிரி பாகங்கள் கிடைக்குமா என்று நம்பகமான மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆம்னி 2019-லேயே நின்றுவிட்டது.

மூன்றாவது, காகிதங்கள். பதிவுச் சான்றிலுள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பதிவுக்கு 15 ஆண்டுகளே ஆயுள். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த இக்கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. மிகப் பழைய வண்டிகளுக்கு இன்னும் கூடுதல். பெயர் மாற்றத்திற்கு 29, 30 எண் படிவங்கள் தேவை. கடன் நிலுவை இருந்திருந்தால் 35-ஆம் படிவமும், வேறு மாநிலப் பதிவாயின் 28-ஆம் எண் தடையில்லாச் சான்றும் வேண்டும். சாதாரண வேனில் படுக்கையும் அடுப்பும் பொருத்தியிருந்தால், அம்மாற்றம் பதிவுச் சான்றில் ஏறியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். தயாரிப்பாளரின் அமைப்பை விருப்பம்போல் மாற்றச் சட்டம் இடந்தரவில்லை.

"இது விண்டேஜ் வண்டி" என்று ஆசை காட்டினால் மயங்காதீர்கள். 2021-இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிக்கே அப்பதிவு கிடைக்கும். அப்பதிவு பெற்றதைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. அதில் நாகூர் போய்வருவது எப்படி?

விற்பவர்களுக்கும் ஒரு சொல். குறையை மறைத்து விற்பது மார்க்கம் வெறுக்கும் செயல். அதோடு, பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுத்துவிட்டால், நாளை விபத்து நேரும்போது பதிவில் பெயர் உள்ளவரே பொறுப்பாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

சகோதரி! கணவரிடம் "வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். "முன்பணத்துக்கு முன் ஒரு மாலை, ஒரு காந்தம், ஒரு டார்ச் விளக்கு" என்று சொல்லுங்கள். நீங்களும் உடன் சென்று, நீங்களே உள்ளே அமர்ந்து கதவை மூடிப் பாருங்கள். உங்கள் பிள்ளைகள் உறங்கப்போகும் இடமல்லவா அது!