‘நில்’ என்னும் சொல்

நாட்காட்டியை நம்பினால், மார்ச் மாதத்தின் பிற்பகுதியில் நார்வேயில் வசந்தம் பிறந்துவிட்டது. மலைக்காட்டுப் பாதைகளிலோ இன்னும் பனியின் ஆட்சிதான். பகல் வெயில் பனியின் மேற்பரப்பை இளக்குகிறது. இரவு அதனை மீண்டும் இறுக்குகிறது. விடியற்காலையில் பாதையின்மேல் ஓடு போல ஒரு படலம் கெட்டிப்பட்டிருக்கும். நார்வே மக்கள் அதற்கு ‘ஸ்காரெ’ என்று தனிப்பெயரே வைத்திருக்கின்றனர். புல்நுனித் துளிக்கும் மூடுபனிக்கும் இமயத்து உறைபனிக்கும் ‘பனி’ என்ற ஒரு சொல்லையே அடிப்படையாகக் கொண்ட நமக்கு இது சற்றே பொறாமை தருவதுதான். ஆயினும் மாசியையும் பங்குனியையும் ‘பின்பனி’ என்று பெயரிட்ட நம் முன்னோர், போகின்ற பனியும் வருகின்ற வெயிலும் ஒரே நாளுக்குள் மல்லுக்கு நிற்கும் பருவத்தை அறியாதவர் அல்லர்.

அந்தப் பனியோட்டின்மீது, வெயில் ஏறுமுன், சறுக்குக்கட்டைகளை அணிந்த ஒருவரை ஓரிரு நாய்கள் முன்னின்று இழுத்துச் செல்லும் விளையாட்டு ஒன்று உண்டு. ஸ்கீஜோரிங் என்பர். சறுக்குக்கட்டை, ஓட்டுதல் ஆகிய இரு நார்வேஜியச் சொற்கள் கூடிய கூட்டுச்சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஓட்டுபவர் மனிதர் என்கிறது சொல். காட்சியோ அதனை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

மனிதரின் இடுப்பில் ஓர் அகன்ற வார். நாயின் உடலில் தோளையும் மார்பையும் தழுவிய இழுவைப் பட்டை. இரண்டையும் இணைப்பது ஏறத்தாழ 3 மீட்டர் நீளமுள்ள, அதிர்ச்சி தாங்கும் இழுபடு கயிறு. கடிவாளம் இல்லை. சாட்டை இல்லை. இருப்பது குரல் மட்டுமே. அலாஸ்காவில் ‘ஜீ’ என்றால் வலப்பக்கம், ‘ஹா’ என்றால் இடப்பக்கம். குரலுக்கு நாய் செவிசாய்க்காவிடில், தம் சறுக்குக்கட்டைகளைக் கொண்டு தடுக்க முயல்வதையும் கயிற்றைக் கழற்றிவிடுவதையும் தவிர மனிதருக்கு வழியில்லை.

உழைக்க வேண்டியதில்லாத ஒரு விலங்கைத் தன் களிப்புக்காக இழுக்கவைப்பது முறையா என்று வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நாய்க்கும் ஓட்டத்தில் விருப்பம் உண்டு என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அது உண்மையே. பட்டையை எடுத்த கணமே துள்ளிக் குரைக்கும் நாய்களைக் கண்டவர் அதனை மறுக்கமாட்டார். ஆனால் அந்த விடை போதாது என்பதே நம் எண்ணம். ஓட விரும்பும் உயிருக்கு நிற்கத் தெரிவதில்லை என்பதுதான் இங்கே சிக்கல்.

இளவசந்தத்தில் இச்சிக்கல் கூர்மை பெறுகிறது. நாய் நம்மைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. மார்ச் வெயில் உறைக்கத் தொடங்கும்போதும் அதன் மேனியில் குளிர்காலத்து அடர்ந்த உரோமம் அப்படியேதான் இருக்கும். நமக்கு இதமான வெயில் அதற்கு உலை. காலையில் கெட்டியாக இருக்கும் பனியின் கூர்விளிம்புகள் பாதங்களைக் கீறும். நண்பகலில் அதே பனி கூழாகிக் காலை உள்வாங்கும். ஆகவேதான் அனுபவசாலிகள் விடியலிலேயே புறப்படுகின்றனர்; பாதங்களுக்குத் துணிக்காலணி பூட்டுகின்றனர்; வெறுந்தண்ணீரை நாய் முகர்ந்துவிட்டுப் போய்விடும் என்பதால் இறைச்சிச்சாறு கலந்து குடிக்கவைக்கின்றனர்.

இவ்விடத்தில் நார்வேயின் புகழ்பெற்ற புதல்வர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். தென்துருவத்தை முதலில் அடையும் போட்டியின் பரபரப்பில், ரோல்ட் அமுண்ட்சென் 1911 செப்டம்பர் 8 அன்றே நாய்களைப் பூட்டிப் புறப்பட்டார். தென்கோளத்துக்கு அது இளவசந்தம். கடுங்குளிர் தாளாமல் சில நாள்களிலேயே திரும்ப நேர்ந்தது. அக்டோபரில் மீண்டும் புறப்பட்ட ஐவரும் டிசம்பர் 14 அன்று துருவத்தை அடைந்தனர். உடன் சென்ற நாய்கள் 52. தளத்துக்கு மீண்டவை 11. வழியில் கொல்லப்பட்டவை மனிதருக்கும் எஞ்சிய நாய்களுக்கும் உணவாயின. அது தற்செயல் அன்று. புறப்படுமுன்னரே போட்ட கணக்கு.

அந்த மனிதரும் சறுக்குக்கட்டைகளில்தான் சென்றனர். அந்த நாய்களும் ஆர்வத்தோடுதான் இழுத்தன. ஆர்வம் அவற்றைக் காக்கவில்லை. துருவப் பயணத்துக்காவது வரலாறு ஒரு சமாதானத்தை வைத்திருக்கிறது. ஒரு காலைப்பொழுதின் களிப்புக்காகப் புறப்படுபவருக்கு அந்தச் சமாதானமும் இல்லை. எனவே அவருடைய பொறுப்பு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

இவ்விளையாட்டை முற்றாகக் கைவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. சறுக்குபவர் சும்மா நின்று இழுபடும் சுமையாக இருப்பதில்லை; காலாலும் கோலாலும் தாமும் உந்தி உழைக்கிறார். மேட்டில் நாயின் மூச்சும் அவர் மூச்சும் சேர்ந்தே வாங்குகின்றன. உழைப்பில் பங்குகொள்பவர் மற்றவரின் களைப்பை அறியும் வாய்ப்பேனும் பெறுகிறார். அவ்வாய்ப்பைப் பயன்படுத்துகிறாரா என்பதே கேள்வி.

நாயைப் பழக்குவோர் வலமும் இடமும் கற்பிப்பதில் பெருமை கொள்கின்றனர். நம் கருத்தில் அச்சொற்கள் அனைத்தினும் பெரியது ‘நில்’ என்பது. அதனை முதலில் கற்க வேண்டியவர் கயிற்றின் பின்முனையில் இருப்பவர். பாதை இன்னும் நீள்கிறது. வெயில் இதமாக இருக்கிறது. முன்னே செல்லும் உயிர் சலிப்பின்றி இழுக்கிறது. அந்த வேளையில், பனி இளகத் தொடங்கியதைச் சறுக்குக்கட்டையின் அடியில் உணர்ந்து, எவரும் கேளாமலே திரும்புகிறவர் எவரோ, அவரையே நல்ல ஓட்டுநர் என்போம்.