மிஷின் சொன்னால் தீர்ந்ததா?

"மிஷின் பொய் சொல்லாது ஐயா" என்றார் கமிட்டிக்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ரிஜிஸ்தர்களோடு குடித்தனம் நடத்தியவனிடம் போய்ச் சொல்கிற பேச்சா அது! ரிஜிஸ்தரும் பொய் சொல்லாதுதான். எழுதுகிறவனும் படிக்கிறவனும்தான் சொல்வார்கள்.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்துப் படிப்பகம் ஒன்றில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காக வைஃபை வைத்தார்கள். நல்ல காரியம். யாரோ கண்டதையும் பார்க்கிறார்கள் என்று புகார் வரவே, கண்காணிப்புப் பெட்டி ஒன்றையும் வாங்கி மாட்டினார்கள். பதிவான ஒரு மேக் அட்ரஸ் ஒரு பையனுடைய போனின் எண்ணோடு ஒத்துப்போனது. அந்த எண்ணுக்கு ஃபில்ட்டர் போட்டு எடுத்த காகிதத்தை நீட்டி, "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிவிட்டார்கள். அப்பா பட்டாசு ஆலையில் வேலை. பையன் குரூப் 4 எழுதப் போகிறவன். "நீ என்ன சொல்கிறாய்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாக்கெட் என்றால் நம்ம ஊரில் வெடி பாக்கெட்தான் ஞாபகத்துக்கு வரும். இது வேறு. நெட்டில் போகிற செய்தியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர் எண், பெறுநர் எண் இருக்கும். 48 பிட், எழுதினால் 12 எழுத்து. முதல் ஆறு, கருவியைச் செய்த கம்பெனிக்கு ஐ.இ.இ.இ. என்ற அமைப்பு ஒதுக்கியது. ஃபில்ட்டர் என்பது, "இந்த எண் உள்ள பொட்டலத்தை மட்டும் எடுத்து வை" என்று பெட்டிக்குக் கொடுக்கிற உத்தரவு. இன்றைக்கும் பல கருவிகளில் ஓடுகிற முறையை ஸ்டீவன் மெக்கேன், வான் ஜேக்கப்சன் என்ற இருவர் 1993-இல் எழுதி வெளியிட்டார்கள். தபால் செக்ஷனில் ஒரே ஆபீஸின் கடிதங்களை மட்டும் பிரித்து அடுக்குவோமே, அதேதான். உறைமேல் இருக்கிற பெயரைப் பார்த்துப் பிரிக்கலாம். எழுதியது அவர்தான் என்று அந்தப் பிரிவினை எங்கே நிரூபித்தது?

அனுப்புநர் எண்ணைப் போடுவது அனுப்புகிற கருவியேதான். மாற்றிப் போட ஒரு லேப்டாப்பும் ஐந்து நிமிஷமும் போதும். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 2010-இல் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற இளைஞரின் கம்ப்யூட்டரை மேக் அட்ரஸை வைத்துத் தடுத்தார்கள். அவர் எண்ணை மாற்றிக்கொண்டு மறுபடி உள்ளே வந்தார். அவ்வளவுதான் அந்தப் பூட்டின் பலம். வைஃபைக்குப் பாஸ்வேர்ட் இருந்தாலும் உள்ளடக்கம்தான் மறையும். மேலே உள்ள எண் காற்றில் பச்சையாகப் போகும். பக்கத்தில் உட்கார்ந்தவன் அதை எடுத்துத் தன்னுடையதாகப் போட்டுக்கொள்ளலாம். பச்சைப் பட்டாசுப் பெட்டியில் போலி க்யூஆர் கோடு ஒட்டுகிற சங்கதி 2021-இல் உச்சநீதிமன்றம் வரை போனதை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

போதாதற்கு இப்போதைய போன்கள் தாங்களே எண்ணை மாற்றிக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டில் பத்தாம் பதிப்பிலிருந்தும், ஐபோனில் 2020-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்தும், ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பித எண்ணைக் காட்டுவதுதான் வழக்கம். இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ என்று இருந்தால் அது கம்பெனி கொடுத்த எண் இல்லை என்று அர்த்தம். ஆக, தப்புச் செய்ய நினைக்கிறவன் செட்டிங்கைத் தட்டிவிட்டுக் காணாமல் போவான். நம்பி எண்ணை எழுதிக் கொடுத்த பையன்தான் பட்டியலில் நிற்பான்.

நேரக் கணக்கு இதைவிட மோசம். காகிதத்தில் 15:10 என்று இருந்தது. மத்தியானம் மூன்றே கால் வாக்கில் அவன் உள்ளே இருந்ததற்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் இருக்கிறது. தீர்ந்தது வழக்கு என்றார்கள். எனக்கு உறுத்தியது. பெட்டி மாட்டிய தம்பியைக் கூப்பிட்டு, காலை 10:45-க்கு என் போனிலிருந்து எதையாவது திறக்கச் சொன்னேன். பெட்டியில் 5:15 என்று விழுந்தது. அது உலக நேரத்தில் ஓடுகிறது. நமக்கு ஐந்தரை மணி பின்னால். அப்படியானால் 15:10 என்பது ராத்திரி 8:40. படிப்பகம் எட்டுக்கே பூட்டிவிடும். அலை மட்டும் தெரு வரை வரும். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவிலேயே கருவிகளின் கடிகாரத்தைச் சரியான நேரத்தோடு பொருத்தி வை, பதிவுகளை 180 நாள் வைத்திரு என்று இருக்கிறது. கம்பெனிகளுக்கு உள்ள ஒழுங்கு ஒரு படிப்பகத்துக்கு ஆகாதா?

2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்னால் போன மிரட்டல் ஈமெயிலைத் துரத்திக்கொண்டு போலீஸ் நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் வீட்டுக்குப் போனது. அது ஐ.பி. எண்ணை வைத்து. அவருடைய பூட்டாத வைஃபையை வேறு ஆட்கள் பயன்படுத்தியிருந்தார்கள். எண் வீட்டைக் காட்டியது, ஆளைக் காட்டவில்லை.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 1789-இன் மனித உரிமைப் பிரகடனத்தை வாத்தியார் மனப்பாடமாகச் சொல்லச் சொல்வார். ஒன்பதாவது ஷரத்து: குற்றவாளி என்று தீர்ப்பாகும் வரை எவரும் நிரபராதியே. பழங்கதை என்று நினைக்க வேண்டாம். நெட் கணக்கு வைத்திருப்பவரையே பொறுப்பாளியாக்கி இணைப்பைத் துண்டிக்கும் ஹதோபி சட்டம் அங்கே வந்தபோது, 2009 ஜூன் 10-இல் அரசியலமைப்பு மன்றம் இதே ஷரத்தையும் காட்டித்தான் அந்தத் துண்டிப்பு அதிகாரத்தை ரத்து செய்தது.

ஃபில்ட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கம்ப்யூட்டர் கெட்டுப்போய் லைனை அடைக்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. கேபிள்காரர் நம் ரௌட்டரின் எண்ணைத் தன் பக்கம் பதிந்து வைப்பதும் அவர் கணக்குக்குச் சௌகரியம்தான். ஆள் யார் என்று தெரிய வேண்டுமானால் ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுங்கள், ராத்திரி எட்டுக்கு வைஃபையை அணையுங்கள், பெட்டியின் கடிகாரத்தைத் திருத்துங்கள். முதலில் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. வருகைப் பதிவேட்டின் நகலும் 5:15 என்று விழுந்த காகிதமும் என் பையில் இருக்கின்றன. அந்தப் பக்கத்து வாசகர்கள் பத்து மணிக்கு வந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும்.