மாலத்தீவின் கணக்கை யார் தீர்ப்பது?

உழைத்துப் பிழைக்க ஊர் விட்டு வந்த நம் தோழர்களுக்கு மாலத்தீவு புதிய பெயரல்ல. தூத்துக்குடித் தோணிகள் வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு அங்கே போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் உண்டு. கன்னியாகுமரி, நெல்லைப் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் அங்கே பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களும் உண்டு. 2020 ஜூன் மாதம், கொரோனா அடைப்புக் காலத்தில், நம் கடற்படைக் கப்பல் 'ஜலஷ்வா' மாலே நகரிலிருந்து ஏறத்தாழ 700 பேரை ஏற்றி வந்து தூத்துக்குடியில் இறக்கியது பலருக்கும் நினைவிருக்கும். எனவே, எங்கோ கிடக்கும் தீவைப் பற்றி நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

பத்திரிகைகள் மாலத்தீவைப் பற்றி இரண்டு படங்கள்தான் காட்டுகின்றன. ஒன்று, நீலக் கடலும் நட்சத்திர ஓட்டலும் தேன்நிலவுத் தம்பதிகளும். மற்றொன்று, கடல் ஏறி வந்து நாடே மூழ்கப்போகிறது என்ற அச்சம். இரண்டும் பொய்யல்ல. ஆனால் இரண்டிலும் அந்த நாட்டில் வாழ்கிறவனும் இல்லை, அங்கே மண்சட்டி சுமக்கிறவனும் இல்லை. அவர்கள் பக்கம் நின்று கணக்குப் பார்ப்போம்.

வரவும் செலவும்

மொத்தம் 1,192 தீவுகள். ஜனங்கள் குடியிருப்பது சுமார் 190 தீவுகளில். நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. 2022-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை 5 லட்சத்து 15 ஆயிரம். மும்பையின் பெரிய வார்டு ஒன்றில் அடங்கிவிடும். இந்த மக்களுக்குச் சொந்தமாக இருப்பது மீனும் கடலழகும்தான். அரிசி, பருப்பு, காய்கறி, டீசல், சிமெண்ட், கம்பி அனைத்தும் கப்பலில் வர வேண்டும்.

குடிநீரையே எடுத்துக்கொள்வோம். தலைநகர் மாலேயின் நிலத்தடி நீர் நெரிசலால் கெட்டுவிட்டது. கடல்நீரை உப்பு நீக்கித்தான் குடிக்கிறார்கள். அந்த இயந்திரம் ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு டீசல் வேண்டும். டீசல் வாங்க டாலர் வேண்டும். டாலர் வர வெளிநாட்டுப் பயணி விமானத்தில் வந்து இறங்க வேண்டும். 1972-ல் தொடங்கிய உல்லாசப் பயணத் தொழிலில் 2024-ம் ஆண்டு மட்டும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்து போனார்கள். ஆனால் அந்த விமானங்கள் கக்கும் புகையும் உலகைச் சூடாக்கிக் கடலை உயர்த்தும் புகையோடு சேர்ந்ததுதான். தன்னை வாழ வைக்கும் தொழிலே தன் காலடி மண்ணை அரிக்கிறது என்றால் அந்த நாடு என்ன செய்யும்?

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2014 டிசம்பரில் உலகம் கண்டது. மாலேயின் குடிநீர் நிலையத்தில் தீப்பிடித்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு ஒரே நாளில் தண்ணீர் இல்லை. இந்திய விமானப்படை விமானங்களும் கடற்படைக் கப்பல்களும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தன. சுற்றிலும் கடல், குடிக்க வெளிநாட்டுத் தண்ணீர்! குழாயடியில் விடியற்காலை குடத்தோடு நின்று பழகிய நம் தாய்மார்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

உலகம் வெளிவிடும் வெப்பப் புகையில் மாலத்தீவின் பங்கு ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பாகம்கூட இல்லை. கரியையும் எண்ணெயையும் எரித்துப் பணக்காரர் ஆனவர்கள் வேறு. அலை அடிப்பது மட்டும் இவர்கள் வாசலில்.

1987 ஏப்ரலில் பேரலைகள் மாலேக்குள் புகுந்தன. அதே ஆண்டு அக்டோபரில் அன்றைய ஜனாதிபதி கயூம் ஐக்கிய நாடுகள் சபையில் எழுந்து, எங்கள் நாடு அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று முறையிட்டார். 1989-ல் சிறு நாடுகளை மாலேயில் கூட்டி மாநாடு நடத்தினார்கள். 1990-ல் சிறு தீவு நாடுகளின் கூட்டணி அமைந்தது. தனி ஆளாகக் கேட்டால் காதில் விழாதது சங்கமாகக் கேட்டால் விழும் என்பதை அந்தச் சின்ன நாடுகளும் உணர்ந்திருந்தன.

இன்னொரு கொடுமையைக் கேளுங்கள். மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து மாலத்தீவை உயர்த்துவதென்று ஐ.நா. பொதுச்சபை 2004 டிசம்பர் 20-ம் தேதி முடிவு செய்தது. ஆறாம் நாள் சுனாமி வந்தது. நாட்டின் ஓராண்டு வருமானத்தில் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்கு மதிப்புள்ள சொத்து அழிந்தது. கண்டொல்ஹுதூ என்ற தீவு குடியிருக்கவே லாயக்கற்றுப் போயிற்று. அதன் ஜனங்கள் நான்கு ஆண்டுகள் தற்காலிகக் குடியிருப்பில் காத்திருந்து துவாஃபரு என்ற வேறு தீவுக்குக் குடிபெயர்ந்தார்கள். பட்டியலில் பெயர் உயர்வதும் பானையில் சோறு நிற்பதும் ஒன்றல்ல.

அன்று மாலே நகரம் பெருஞ்சேதத்திலிருந்து தப்பியது. காரணம், 1987 வெள்ளத்துக்குப் பிறகு அதைச் சுற்றி எழுப்பிய கடற்சுவர். அது ஜப்பான் அரசின் மானிய உதவியில் கட்டியது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிற்காலத்தில் பெரிய கட்டுமானங்கள் பலவும் கடனில்தான் எழுந்தன. சீனாவும் கடன் கொடுத்தது, இந்தியாவும் கடன் கொடுத்தது. 2024-ல் அந்நியச் செலாவணி கையிருப்பு வற்றி, அக்டோபரில் நம் ரிசர்வ் வங்கி 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் வரை நாணயப் பரிமாற்ற உதவி செய்ய வேண்டி வந்தது. பிறர் செய்த சேதத்துக்கு வட்டியோடு கடன் வாங்கிச் சுவர் எழுப்பு என்பது எந்த ஊர் நியாயம்? அது வீட்டைக் கொளுத்தியவனே தண்ணீரை வாடகைக்கு விட்ட கதை.

மணல் எங்கிருந்து வருகிறது?

நிலம் போதாமல் 1997 முதல் கடலைத் தூர்த்து ஹுல்ஹுமாலே என்ற புது நகரத்தை எழுப்பி வருகிறார்கள். தூர்க்கும் மணல் காயலிலிருந்து வருகிறது. தோண்டத் தோண்டப் பவளப்பாறை கெடுகிறது. பவளப்பாறைதான் அலையின் வேகத்தை உடைக்கும் இயற்கை அரண். 1998-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துச் செத்தது போதாதென்று இதுவும்.

கட்டிடத்துக்கான ஆற்று மணலும் ஜல்லியும் இந்தியாவிலிருந்து போகின்றன. 1981 முதல் நடக்கும் ஏற்பாட்டின் கீழ், 2024-25-ம் ஆண்டுக்கு இரண்டிலும் தலா 10 லட்சம் டன் அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் இங்கே சிலர் 'மாலத்தீவைப் புறக்கணிப்போம்' என்று கூச்சலிட்டார்கள். அங்கேயும் சிலர் 'இந்தியாவே வெளியேறு' என்று முழங்கியிருந்தார்கள். வெங்காயமும் முட்டையும் போவதை எவரும் நிறுத்தவில்லை. நிறுத்தவும் கூடாது. அண்டை வீட்டு அடுப்பில் அரசியல் செய்வது நமக்கு அழகல்ல. ஆனால் ஒன்று கேட்போம். அவர்கள் தீவு நிற்க நம் ஆறு சாக வேண்டுமா? எந்த ஆற்றில் எவ்வளவு அள்ளுகிறார்கள் என்ற கணக்கை ஊரார் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

கணக்கில் வராத கைகள்

மாலத்தீவில் வசிப்பவர்களில் நான்கில் ஒருவர் வெளிநாட்டார். வங்கதேசத்தவர்தான் அதிகம். அடுத்து நம் நாட்டவர். கட்டிடம் கட்டுவதும் படகில் மூட்டை இறக்குவதும் இவர்கள். 1992 முதல் தலைநகரின் குப்பையைக் கொட்டி வளர்த்த திலாஃபுஷி தீவில் நெருப்புக்கும் புகைக்கும் நடுவே நின்று குப்பை தள்ளியவர்களும் இவர்களே.

2022 நவம்பர் 10-ம் தேதி மாலேயில் ஒரு வண்டிப் பட்டறைக்கு மேலே, தொழிலாளர்கள் நெருக்கியடித்துத் தங்கியிருந்த இடத்தில் தீப்பிடித்து 10 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். கடல் உயருமுன்பே அவர்களை நெரிசல் கொன்றுவிட்டது. நீடித்த வளர்ச்சி என்று மாநாடுகளில் பேசுகிறார்கள். அந்த வளர்ச்சியைத் தோளில் தூக்கி நிறுத்துகிறவனுக்கு மூச்சுவிட ஒரு சன்னல் இல்லையென்றால் அது எத்தனை நாள் நீடிக்கும்? இந்தக் கேள்வியை மாலத்தீவு அரசிடமும் கேட்கிறோம்.

நாம் என்ன சொல்கிறோம்?

முதலாவது, சிறு தீவுகளுக்கு வேண்டியது தர்மமும் அல்ல, கடனும் அல்ல. சேதத்துக்கு ஈடு. அதற்கான நிதியை 2022-ல் எகிப்து மாநாட்டில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் உண்டியல் வைத்ததோடு கடமை முடிந்துவிடாது. வனுவாட்டு என்ற தீவு நாடு முன்னின்று கேட்டதன் பேரில், 2025 ஜூலை 23-ம் தேதி சர்வதேச நீதிமன்றம் தன் கருத்தைச் சொல்லிவிட்டது: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் ஈடு தரும் பொறுப்பும் எழக்கூடும். அது ஆலோசனைக் கருத்துதான், கட்டாயத் தீர்ப்பு அல்ல. ஆனாலும் கேட்பவன் கையில் கிடைத்த வலுவான காகிதம்.

இரண்டாவது, அங்கே போகிற நம் பிள்ளைகளுக்கு. வேலை அனுமதி எந்த முதலாளி பெயரில் இருக்கிறது, சம்பளம் ரூபியாவிலா டாலரிலா, தங்குமிடம் எது என்று எழுத்தில் வாங்காமல் கிளம்பாதீர்கள். டாலர் தட்டுப்பாடு வந்தால், ரூபியாவில் கூலி வாங்குகிறவன் ஊருக்குப் பணம் அனுப்ப முதலில் திண்டாடுவான். பாஸ்போர்ட் நகலை வீட்டில் ஒன்று வைத்துவிட்டுப் போங்கள்.

மூன்றாவது, நமக்கே. நாம் குடியிருக்கும் மும்பையும் ஏழு தீவுகளைக் கடல் தூர்த்து ஒன்றாக்கிய நகரம்தான். 2005 ஜூலை 26-ம் தேதி ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது தண்ணீர் முதலில் யார் வீட்டுக்குள் புகுந்தது? தாழ்ந்த இடத்தில் குடிசை போட்டவன் வீட்டில்தான். உலக வரைபடத்தில் மாலத்தீவு இருக்கும் நிலையில்தான் இந்த நகரத்தில் நாம் இருக்கிறோம். மாலத்தீவுக்கு நியாயம் கேட்பதும் நம் சால்களுக்கு வடிகால் கேட்பதும் ஒரே கோரிக்கையின் இரண்டு வரிகள்.

ஐந்து லட்சம் பேர் கொண்ட நாடு 1987-லேயே உலக மன்றத்தில் எழுந்து நின்று கேட்கத் துணிந்தது. அப்போது அங்கே இரண்டு லட்சம் பேர்தான். அதைவிடப் பெரிய கூட்டமான நாம் வார்டு அலுவலகத்தில் எழுந்து நின்று கேட்கத் தயங்கலாமா?