இறைவனை ஒழித்த தியானம்

ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2024-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், ஆண்டுதோறும் திசம்பர் 21-ஆம் நாளை உலகத் தியான நாளாகக் கொள்ளத் தீர்மானித்தது. பாரதநாட்டுத் துறவோர் கடல்கடந்து உழைத்த உழைப்பின் பயன் இஃதென்று பலரும் மகிழ்வர். ஆயினும், பரவியது தியானமோ, தியானத்தின் பெயரோ என்பது சைவ நன்மக்கள் ஆராய்தற்பாலது.

“தியானத்திற்குச் சமயம் வேண்டா, தெய்வம் வேண்டா, மனம் அடங்கினாற் போதும்” என்பது இக்காலத்தார் பலர் கூற்று. இம்முறையில் தியானத்தைப் பரப்பியோருள் மகரிஷி மகேஷ் யோகியார் பெயர்பெற்றவர். சோதிர்மடத்துச் சங்கராசாரியர் பிரமானந்த சரசுவதி சுவாமிகளின் மாணாக்கராகிய அவர், 1959-இல் அமெரிக்கா சென்று கற்பித்தார். அது சமயமன்று, அறிவியலே என்று அவர் வழியினர் சாதித்தனர். நியூ ஜெர்சி மாகாணத்துப் பொதுப்பள்ளிகள் சிலவற்றில் அது பாடமுமாயிற்று. அதன்மேல் வழக்கு எழுந்தது. மாணாக்கர் கனியும் மலரும் வெண்டுகிலும் கொணர, குருவின் படத்தின்முன் வடமொழித் துதியோடு பூசை நிகழ்ந்தே மந்திரம் தரப்படுதலை நோக்கிய நீதிமன்றம், அது சமயச் சார்புடையதே என 1977-இல் தீர்த்தது. மேல்முறையீட்டு மன்றமும் 1979-இல் அதனை உறுதிசெய்தது. பூசையைச் செய்துகொண்டே பூசையன்றென்பார்க்கு அயல்நாட்டு நீதிபதியர் உண்மை உணர்த்த நேர்ந்தமை நாணத்தக்கதன்றோ!

மனவடக்கமே முடிந்த பயனெனின், உறங்குவானுக்கும் மூர்ச்சித்தானுக்கும் எண்ணமில்லை, அவர் யோகியராவரோ? ஆணவ இருளில் அறிவு விளங்காது கிடக்கும் நிலையைச் சித்தாந்தம் கேவலம் என்னும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. பதியைச் சாராவழிப் பாசத்தையே சாரும். ஆதலின், பற்றுக்கோடின்றி மனத்தை வெறிதாக்குதல் சிவயோகமாகாது.

திருமூலநாயனார் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகம் அருளினார். அவ்வெட்டனுள் தியானம் ஏழாவது, நியமம் இரண்டாவது. அந்நியமத்துள்ளே சித்தாந்தக் கேள்வியும் சிவபூசையும் எண்ணப்பட்டன. இரண்டாம் படியை இடித்துவிட்டு ஏழாம் படியில் ஏறுவேமென்பார் எங்ஙனம் ஏறுவர்?

அற்றேல், மனவமைதியும் உடல்நலமும் விளைகின்றனவே எனின், விளைக. மருந்தாற் பிணி தணிதல் நன்றே. அம்மருந்தையே வீடுபேறென்று விற்பதுதான் குற்றம்.

தெய்வத்தொடு கூட்டியுரைப்பின் மேனாட்டார் கொள்ளாரெனின், அதுவும் பொருந்தாது. அமெரிக்காவிற் பிறந்த சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள் 1949-இல் யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள்பால் அருள்பெற்றார். அவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் சைவ ஆதீனம் நிறுவினார். 1973-இல் ஆங்குக் கூத்தப்பெருமானை எழுந்தருளுவித்தார். கருங்கல்லாற் சமைந்த இறைவன் கோயிலுக்கு, அவர் சிவப்பேறெய்தியபின் 2023-இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஆங்கு மேனாட்டிற் பிறந்த துறவியர் சிவபூசையும் செய்கின்றனர், தியானமும் பயில்கின்றனர். மறைத்துக் கொடுத்தாலன்றிக் கொள்ளாரென்பது கொடுப்பார் நெஞ்சின் அச்சமேயன்றிக் கொள்வார் குறையன்று.

ஆதலின், சேலத்து ஃபேர்லேண்ட்சில் வாழ்வாராயினும், கடல்கடந்து வாழ்வாராயினும், தியானம் பயில விழையும் சைவர் முதற்கண் திருநீறணிந்து ஐந்தெழுத்தை ஓதுக. தக்க குருவினிடம் தீக்கை பெறுக. ஃபேர்லேண்ட்சார்க்குச் சுகவனேசர் திருக்கோயில் தம் நகரிலேயே உளது. அச்சந்நிதியிற் கண்ணாற் கண்ட திருவுருவை உள்ளத்திருத்துதலே தியானம். உள்ளத்திருத்தற்கு ஒருவனை ஒழித்தபின், கண்மூடுதலாற் கிடைப்பது இருளன்றிப் பிறிதில்லை.

திருச்சிற்றம்பலம்.