பந்தயம் பார்த்தவருக்கும் வாடகை! பார்க்காதவருக்கும் வாடகை!

இரவு 11 மணி. கார்ப் பந்தயம் பார்க்க வந்த கூட்டம் வெளியே வருகிறது. தகப்பனார் தோளில் பிள்ளை தூங்குகிறது. தாயார் கையைத் தூக்கி டாக்சியை நிறுத்தப் பார்க்கிறார். டாக்சி நிற்கவில்லை. அடுத்த டாக்சியும் நிற்கவில்லை.

மணி 12 அடிக்கிறது. அவ்வளவுதான்! எங்கிருந்தோ டாக்சிகள் வரிசையாக வந்து நிற்கின்றன!

இது மந்திரம் அல்ல; கணக்கு. சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக மக்கள் வாய்விட்டுப் புலம்பிய கணக்கு. அந்த ஊரின் பெரிய பந்தயம் வந்தபோது இந்தப் புலம்பல் இன்னும் உரத்துக் கேட்டது.

2008-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி சிங்கப்பூரில் 'பார்முலா 1' கார்ப் பந்தயம் முதல் தடவையாக இரவில் நடந்தது. அதற்கு முன் உலகில் எங்கும் இந்தப் பந்தயம் இரவில் நடந்தது இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட விளக்குகளைப் போட்டு இரவைப் பகலாக்கினார்கள். ஸ்பெயின் நாட்டு வீரர் அலோன்சோ வெற்றி பெற்றார். பந்தயத்துக்கென்று தனி மைதானம் கிடையாது. ஊர் நடுவே, மரினா விரிகுடாவைச் சுற்றி, ஜனங்கள் அன்றாடம் போய்வரும் சாலைகளே பந்தயப் பாதை. ஆகவே பந்தய நாட்களில் அந்தச் சாலைகளை மூடிவிடுவார்கள்.

சாலையை மூடினால் டாக்சி எப்படிப் போகும்? சுற்றிப் போகும். சுற்றினால் மீட்டர் ஏறும். நெரிசலில் நின்றால் அதற்கும் மீட்டர் ஏறும். அதன் மேல்தான் கூடுதல் கட்டணம்.

சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர்கள் 'வெள்ளி' என்பார்கள். 2007 டிசம்பரில் அந்த ஊரின் மிகப் பெரிய டாக்சி கம்பெனி கட்டணத்தை ஏற்றியது. மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. ஏறி உட்கார்ந்ததும் விழும் தொகை 2 வெள்ளி 80 காசு ஆயிற்று. மாலையில் நகரின் மையப் பகுதியில் ஏறினால் அதற்கென்று தனியாக 3 வெள்ளி. முன்பு இது 1 வெள்ளிதான். வேலைக்குப் போகும் நேரம், வேலை முடியும் நேரம் என்றால் மீட்டரில் நூற்றுக்கு 35 கூடுதல். நள்ளிரவு தாண்டினால் நூற்றுக்கு 50!

இப்போது முதல் பந்தயத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை இரவை எடுத்துக்கொள்ளலாம். அன்று நடந்தது தகுதிச் சுற்று. அது முடியவே வெகு நேரம் ஆகிவிட்டது. ஒரு குடும்பம் வீடு போக மீட்டரில் 20 வெள்ளி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 12 மணிக்கு முன்னால் ஏறினால் 20-ம் 3-ம் சேர்த்து 23 வெள்ளி. 12 மணிக்குப் பின் ஏறினால் 20-ம் 10-ம் சேர்த்து 30 வெள்ளி.

அதே டாக்சி. அதே தூரம். ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் 7 வெள்ளி அதிகம். எந்த டிரைவர்தான் டீக்கடையைத் தேடமாட்டார்?

டிரைவரைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர் பாட்டையும் பார்க்க வேண்டும். அங்கே பெரும்பாலான டாக்சிகள் கம்பெனிக்குச் சொந்தம். டிரைவர் அன்றாடம் கம்பெனிக்கு வாடகை கட்ட வேண்டும். எண்ணெய்ச் செலவும் அவருடையதே. பாதி ஊர் அடைத்துக் கிடக்கும் நாளில் நெரிசலுக்குள் போய் மாட்டிக்கொண்டால் ஒரு சவாரிக்கே இரண்டு மணி நேரம் போய்விடும். வாடகை மட்டும் குறையாது. கூடுதல் பணம் இல்லாவிட்டால் அவர் அந்தப் பக்கமே தலைகாட்டமாட்டார். கம்பெனிகள் சொல்லும் நியாயமும் இதுவே. இதில் உண்மை இல்லாமல் இல்லை.

உண்மை இருக்கிறது, முழு உண்மை இல்லை. பந்தயம் பார்க்கப் போனவர் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர். இன்னும் 3 வெள்ளி கொடுப்பதால் அவர் குடி முழுகிவிடாது. அந்தப் பகுதி ஓட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு வீடு திரும்பும் அம்மாள் என்ன செய்வார்? காய்ச்சல் கண்ட பிள்ளையை டாக்டரிடம் தூக்கிச் செல்லும் குடும்பம் என்ன செய்யும்? அவர்களுக்குப் பந்தயத்தின் இரைச்சல் மட்டும்தான் மிச்சம். ஆனால் கட்டணம் அவர்களுக்கும் ஒன்றுதான்!

யாரிடம் முறையிடுவது? 1998 முதல் டாக்சிக் கட்டணத்தை அரசாங்கம் நிர்ணயிப்பது இல்லை. கம்பெனிகளே நிர்ணயிக்கின்றன.

2011 டிசம்பரில் ஒரு மாற்றம் வந்தது. நூற்றுக்கு 35 என்பது 25 ஆகக் குறைந்தது. ஆனால் மாலை 6 மணி முதல் நள்ளிரவு வரை அது நீண்டது. அதே 20 வெள்ளிப் பயணத்துக்கு இப்போது 12 மணிக்கு முன் 28 வெள்ளி. பின் 30 வெள்ளி. டீக்கடைக்காரருக்கு நஷ்டம்தான்! டிரைவர் ஒளிந்துகொள்ளக் காரணம் குறைந்தது. ஆனால் அந்த 5 வெள்ளி யார் பையிலிருந்து போயிற்று? பயணியின் பையிலிருந்துதான். 2013-ல் அரசாங்கம் இன்னொரு விதி போட்டது. டாக்சிகள் நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோ மீட்டர் ஓடியாக வேண்டும் என்றது. எண்ணிக்கைக்காக ஆள் இல்லாமலே வண்டி ஓட்டுகிறோம் என்று டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். 2017-ல் அந்தத் தூரக் கணக்கும் கைவிடப்பட்டது.

பிறகு கைப்பேசியில் கூப்பிடும் வண்டிகள் வந்தன. அவற்றில் அட்டவணையே கிடையாது. கூட்டம் கூடினால் விலை ஏறும், கலைந்தால் இறங்கும். பழைய கூடுதல் கட்டணத்தையாவது காகிதத்தில் அச்சடித்துக் காட்டினார்கள். அது எவ்வளவு மேல் என்பது புதிய விலை ஏறிய பிறகே ஜனங்களுக்குப் புரிந்தது. 2018-ல் 'ஊபர்' தன் தொழிலை 'கிராப்' கம்பெனியிடம் ஒப்படைத்தது. போட்டி குறைந்தது என்று சொல்லி, சிங்கப்பூர் ஆணையம் இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 1 கோடியே 30 லட்சம் வெள்ளி அபராதம் போட்டது.

வேறு ஊர்களில் என்ன செய்தார்கள்? 2022-ல் கத்தார் நாட்டில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தது. போட்டிக்கு வந்தவர்களின் அனுமதி அட்டையைக் காட்டினால் மெட்ரோ ரெயிலிலும் பஸ்ஸிலும் இலவசம். 2024-ல் ஜெர்மனியில் ஐரோப்பியக் கால்பந்து நடந்தபோது, ஆட்ட டிக்கெட் வைத்திருந்தவர் 36 மணி நேரம் ஊர் பஸ், ரெயில்களில் பணம் இல்லாமல் போய்வந்தார். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின்போது நேர்மாறு! 2.15 யூரோவாக இருந்த மெட்ரோ டிக்கெட் 4 யூரோ ஆயிற்று. ஆனால் உள்ளூர்க்காரரின் மாதச் சீட்டு விலையை ஏற்றவில்லை. வந்தவரிடம் வாங்கினார்கள், இருப்பவரை விட்டார்கள்.

சென்னையிலும் ஒரு வழி கண்டார்கள். 2024 ஐ.பி.எல். கிரிக்கெட்டின்போது சேப்பாக்கம் ஆட்டத்தின் டிக்கெட்டையே மெட்ரோ ரெயிலுக்கும் டிக்கெட் ஆக்கினார்கள். ரெயிலில் ஏறியவர் ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டிய அவசியம் இல்லை.

சிங்கப்பூரிலும் பந்தய இரவுகளில் ரெயில் நேரத்தை நீட்டித்தார்கள். ரெயிலில் போக முடிந்தவர் தப்பினார். வயதானவர், பிள்ளைக்காரி, மூட்டை முடிச்சோடு வந்தவர் ஆகியோருக்கு டாக்சிதான் கதி. அவர்களுக்கு வேண்டியது பெரிய சலுகை ஒன்றும் அல்ல. டாக்சி நிறுத்தும் இடத்தில் ஒரு பலகை. இந்த நேரத்தில் ஏறினால் இவ்வளவு, இந்த வட்டாரத்துக்குப் போனால் சுமார் இவ்வளவு என்று தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் நான்கிலும் பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். பந்தயத்துக்காக அடைத்த சாலையைச் சுற்றி ஓடும் தூரத்துக்கான பணத்தைப் பந்தயம் நடத்துகிறவர் கொடுக்க வேண்டும். டிக்கெட் விற்ற பணம் அவரிடம்தான் இருக்கிறது.