பத்மினியின் பாதங்களைக் காணோம்

‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் அந்தப் போட்டி வருகிறது. ஒரு பக்கம் சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாயனம், எதிரே மோகனாவின் சலங்கை. நாயனம் ஒரு பிடி பிடித்தால் சலங்கை அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டிய இடம் பத்மினியின் பாதம். சமீபத்தில் டி.வி.யில் போட்டார்கள். பத்மினி கணுக்காலோடு சரி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. சலங்கைச் சத்தம் மட்டும் சட்டத்துக்கு அப்பால் எங்கிருந்தோ வருகிறது.

கணக்கு எளிதுதான். படம் வந்தது 1968-ல். அன்றைய சாதாரணப் படங்களின் சட்டம் கிட்டத்தட்ட 4-க்கு 3 என்ற அளவில் இருக்கும். இன்றைய டி.வி.யோ 16-க்கு 9. அந்தப் படத்தை இந்தப் பெட்டியில் அப்படியே வைத்தால் இரண்டு ஓரத்திலும் கறுப்பாக இடம் விடும். விடட்டுமே! யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் போடுகிறவர்களுக்கு அந்தக் கறுப்புப் பட்டையைக் கண்டாலே ஆகாது. படத்தைப் பெரிதாக்கி மேலேயும் கீழேயும் சீவிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், கால்வாசிப் படம் போய்விடும். செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இங்கே சொல்லுக்குச் சொல் அதையே செய்து வைத்திருக்கிறார்கள்.

இன்னும் சிலர் சீவ மாட்டார்கள், இழுப்பார்கள். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்ததில் சவடால் வைத்தியாக வரும் நாகேஷே பூசினாற்போல் ஆகிவிடுகிறார். நாகேஷைக் குண்டாகக் காட்ட முடியும் என்று யாராவது கனவு கண்டிருப்போமா?

இதே ஏ.பி. நாகராஜன்தான் 1973-ல் ‘ராஜராஜ சோழன்’ எடுத்தவர். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் அது. அகலமாக எடுக்கத் தெரியாத மனிதர் அல்ல அவர். ‘தில்லானா’வை எடுக்கும்போது இருந்த சட்டத்துக்குள் தலைமுதல் கால்வரை அளந்து வைத்து எடுத்திருக்கிறார். சிவாஜிக்காகப் பின்னணியில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். அந்த வாசிப்புக்கு ஏற்பச் சிவாஜியின் விரல் துளைமேல் ஓடும், கன்னம் உப்பும், கழுத்து நரம்பு புடைக்கும். பக்கத்தில் தவிலோடு பாலையா தலையை ஒரு வெட்டு வெட்டுவார். அத்தனையும் ஒரே சட்டத்தில் தெரிந்தால்தான் அது கச்சேரி. சீவின பிரதியில் நாயனத்தின் அணசு வெளியே போய்விடுகிறது, பாலையாவுக்கு உச்சந்தலை போய்விடுகிறது. இதற்கு மேல், பழைய படங்களை ‘டிஜிட்டல் சினிமாஸ்கோப்பில்’ என்று பெருமையாக விளம்பரம் போட்டுத் தியேட்டரில் விடுகிற வழக்கமும் வந்தது. நாலுக்கு மூன்றாக எடுத்த படத்தை ஸ்கோப் ஆக்கினால் போவது கால்வாசி இல்லை, ஐந்தில் இரண்டு பங்கு. அதற்கு டிக்கெட் வேறு.

என் வருத்தம் ஒரு படத்தோடு நிற்பதல்ல. உங்களுக்குப் பிடித்தது எது, பிடித்தது எது என்று இன்றைக்குக் கேட்காதவர் கிடையாது. செயலி கேட்கிறது, கட்டைவிரலை நீட்டுகிறது, இதயம் காட்டுகிறது, ஐந்து நட்சத்திரத்தை வரிசையாக வைத்துக்கொண்டு நிற்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். வாட்ஸ்அப் குழுவில் ‘உங்கள் டாப் டென் சொல்லுங்கள்’ என்று ஞாயிறுதோறும் ஒருவர் கிளப்பிவிடுகிறார். சொல்லிவிடலாம். சொன்னதற்குப் பிறகு அந்தப் பிடித்ததை முழுசாகக் கண்ணில் காட்ட ஆள் இல்லையே!

‘தில்லானா’வையே எடுத்துக்கொள்வோம். அது முதலில் படம் அல்ல. ‘கலைமணி’ என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. ஓவியம் கோபுலு. அந்தக் காலத்தில் தொடர்கதை என்றால் எழுத்து பாதி, ஓவியம் பாதி. ‘பொன்னியின் செல்வன்’ என்றால் கல்கியோடு மணியம். ‘கடல் புறா’ என்றால் சாண்டில்யனோடு லதா. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் எப்படி இருப்பார்கள் என்று எனக்குச் சொன்னவர் ஜெயராஜ்தான். வசந்த்தின் பெல்பாட்டத்தை நான் எழுத்தில் படித்தேனா, படத்தில் பார்த்தேனா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

புத்தகமாக வரும்போது முதலில் கழற்றிவிடுவது அந்த ஓவியங்களைத்தான். ஐம்பதுகளில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடரை மணியத்தின் வந்தியத்தேவனோடு சேர்த்துப் படித்தவர்கள் பாக்கியவான்கள். 1999-ல் கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனது. நல்ல காரியம். மலிவாகக் கிடைக்கிறது, வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் ஆளுக்கொரு பதிப்பு. என்னிடம் இருப்பதில் படம் ஒன்றுகூட இல்லை. எழுத்து எறும்பு ஊர்வதைவிடப் பொடி. ஐந்து பாகத்தையும் ஒன்றாக அமுக்கிக் கட்டியதில், புத்தகத்தை விரித்தால் நடு வரிகள் முதுகுக்குள் போய்ப் பதுங்கிக்கொள்கின்றன. பூங்குழலி படகில் போகிற வர்ணனையில் ஒரு சொல்லைத் தேடி இரண்டு கட்டைவிரலாலும் நெம்ப வேண்டியிருக்கிறது.

இதற்கெல்லாம் மாற்று ஒன்று நம்மிடம் இருந்தது. வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வைத்துக்கொள்வார்கள். என் சித்தி அதில் கில்லாடி. காலிகோ அட்டை, முதுகில் வெள்ளை மசியில் தலைப்பு. கதை தாளின் முன்பக்கத்தில் முடிந்தால் பின்பக்கத்தில் ஒரு ஜோக், பாதி தலைவலித் தைல விளம்பரம், யாரோ அனுப்பிய சமையல் குறிப்பு. ஓவியங்கள் இருந்த இடத்தில் இருக்கும். ‘தில்லானா’ சித்தியிடம் முழுசாக இருந்தது. ஓர் உறவுக்காரர், பெயர் வேண்டாம், ‘படிச்சிட்டு ஒரு வாரத்துல குடுத்துடறேன் அக்கா’ என்று வாங்கிப் போனார். சித்தி போய்ச் சேர்ந்துவிட்டாள். அவர் வீடு மாறினார், வீட்டை இடித்துக் கட்டினார், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டாயிற்று என்று சாதாரணமாகச் சொன்னார். கிலோவுக்கு எவ்வளவு கொடுத்தான் என்று மட்டும் கேட்டேன். அவருக்கு நினைவில்லை.

சரி, இளைய தலைமுறைதான் பழையதையெல்லாம் மீட்டெடுக்கிறதே, ரீல்ஸ் பாருங்கள் என்கிறார்கள். பார்த்தேன். ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பா, திகில் கதையை இருட்டும் காலடியுமாகச் சத்தம் போட்டு அப்பாவுக்குச் சொல்கிறான். அந்தக் காட்சியில் பேசுவது முழுக்க நாகேஷ். ஆனால் காட்சி நடப்பது பாலையாவின் முகத்தில். முதலில் அலட்சியம், பிறகு கொஞ்சம் ஆர்வம், மெல்ல விழி விரிந்து, எச்சில் விழுங்கி, எஸ்டேட் முதலாளி சின்னப் பிள்ளையாகி நடுங்குகிற வரைக்கும் ஒவ்வொரு படியாக இறங்குவார். 1964-லிருந்து தமிழ்நாடு சிரித்துக்கொண்டிருக்கிறது என்றால் அந்த இரண்டு பேரும் ஒன்றாகத் தெரிவதால்தான்.

கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தால் திரை ஒடுக்கம். அதற்காகப் படத்தின் இரு பக்கத்தையும் நறுக்கியிருந்தார் அந்தப் புண்ணியவான். அகலத்தில் பாதிக்கு மேல் காலி. நடுவில் நாகேஷ் மட்டும் கத்திக்கொண்டிருக்கிறார். பாலையா இருந்த இடத்தில் ஒரு காது தெரிகிறது, அவ்வப்போது மூக்கு நுனி. கீழே சிரிக்கும் முகங்களைப் பொட்டுப் பொட்டாகப் போட்டிருக்கிறார்கள் லட்சம் பேர். எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் ஐயா? இதைப் பார்த்துவிட்டு ஒரு பையன் என்னிடம், “நாகேஷ் சோலோ பெர்ஃபார்மன்ஸ், செம மாமா” என்கிறான்.

அவனுக்கு முழுப் படத்தையும் காட்டுவோம் என்று தேடினால் இன்னொரு கூத்து. 2025-ல் ‘காதலிக்க நேரமில்லை’ என்று வேறொரு படம் வந்தாயிற்று. நடுவில் அதே பெயரில் ஒரு டி.வி. தொடரும் வந்து போயிற்று. தேடினால் புதுசு முன்னால் வருகிறது, பிறகு தொடரின் தலைப்புப் பாட்டு, ஸ்ரீதர் எடுத்த பழைய படம் கீழே எங்கோ கிடக்கிறது. பெயர் வைக்கப் பஞ்சமா? தமிழில் சொல்லா இல்லை?

பாலு மகேந்திராவின் கதை இதைவிட மோசம். எனக்கு மிகப் பிடித்த படம் எது என்று யாராவது கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டால் ‘வீடு’ என்பேன். 1988. ஒரு பெண், சின்னச் சம்பளம், ஒரு மனை, கட்டி முடியாத வீடு. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய அந்த வீட்டைப் பார்க்கக் குடையோடு நடந்து வருவார், சுவரைத் தடவிப் பார்ப்பார். பெரிதாக ஒரு வசனமும் கிடையாது. தேசிய விருது வாங்கிய படம், அர்ச்சனாவுக்கும் விருது. இதைத் தேடுவதற்கு யூடியூபில் ‘வீடு’ என்று அடித்தேன். வாஸ்துப்படி சமையலறை எந்த மூலையில் வர வேண்டும் என்று ஒருவர் விளக்குகிறார். இரண்டு சென்டில் மாடிவீடு, வங்கிக் கடன் வசதியுடன். மறைமலை நகருக்கு அருகில் மனைகள் விற்பனைக்கு. அர்ச்சனா பட்ட பாட்டையெல்லாம் பட்டு எழுந்து வந்தால் கடைசியில் தரகர்தான் நிற்கிறார். அன்றிலிருந்து என் கைப்பேசிக்கு நான் வீடு கட்டப்போகிறவன். கம்பி, சிமென்ட், தண்ணீர்த் தொட்டி என்று காலை எழுந்ததும் கொண்டுவந்து நீட்டுகிறது. ‘உங்களுக்காக’ என்று தலைப்பு வேறு.

அடுத்த வருடம் தூர்தர்ஷனுக்காக எடுத்த ‘சந்தியா ராகம்’ இருக்கிறதே, அதே பாகவதர் நடித்தது, அதைத் தேடினால் அதே பெயரில் அண்மையில் வந்த டி.வி. தொடரின் எபிசோடுகள் வரிசைகட்டி வருகின்றன. ‘வீடு’ படத்தின் நெகட்டிவ் இல்லாமல் போனதைப் பற்றி பாலு மகேந்திரா தம் கடைசி ஆண்டுகளில் வாய்விட்டு வருந்தியிருக்கிறார். கேமராவைத் தன் கையில் பிடித்து ஒவ்வொரு சட்டமாக வெளிச்சம் பார்த்து எடுத்த மனிதர். நமக்குக் கிடைப்பது பிரதியின் பிரதி. பாகவதர் தடவும் சுவரில் செங்கல் தெரியவில்லை, சேறு தெரிகிறது.

இந்த லட்சணத்தில், “எதுல இருக்கு மாமா?” என்பது இளசுகளின் முதல் கேள்வி. நாம் ஒரு படத்தைப் புகழ்ந்து வாயை மூடுவதற்குள் கேட்டுவிடுவார்கள். எந்த ஓடிடி-யில் என்று பொருள். ‘அவள் அப்படித்தான்’ பற்றி, 1978-ல் ருத்ரையா எப்படித் துணிந்து எடுத்தார், ஸ்ரீபிரியா எப்படி நிற்கிறார் என்று அரை மணி பேசி முடித்தால், “சரி, எதுல இருக்கு?” போன வருடம் ஒன்றில் இருந்ததைச் சொல்லி அனுப்பினால், “அதுல இல்லையே மாமா” என்று திரும்பி வருகிறான். இருக்காது. அங்கே போடுவதற்கான உரிமை இத்தனை வருடம் என்று எழுதி வாங்குவது, காலம் முடிந்தால் தூக்கிவிடுவார்கள். என் பட்டியலில் நான் குறித்து வைத்தது எனக்கே தெரியாமல் காலியாகிறது. காசு கொடுத்து ‘வாங்கினாலும்’ வாங்கினதாக அர்த்தமில்லை, பார்க்க அனுமதி, அவ்வளவே. யூடியூபில் கிடைத்தால் பாட்டு வரும் இடத்தில் படம் ஒரு குதி குதிக்கிறது. படத்தின் உரிமை ஒருவரிடம், பாட்டின் உரிமை இன்னொருவரிடம். அவர்கள் வழக்கில் இளையராஜாவின் முன்னிசை ஆரம்பித்த நிமிடமே நாயகி அடுத்த ஊரில் இருக்கிறாள்.

ஞாயம் என்று ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ டி.வி. தொடரை யூடியூபில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ‘விடாது கருப்பு’ முழுக்க இருக்கிறது. அதை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் 2024-ல் காலமான செய்தி வந்த இரவு எத்தனை வீட்டில் அதை மறுபடி ஓடவிட்டார்களோ. வெள்ளைக் குதிரை வருகிற நேரம் பார்த்து நடுவே ஒரு பற்பசை விளம்பரம் புகுந்து சிரிக்கிறது என்றாலும், அங்கே எனக்குக் குறை சொல்ல வாய் வரவில்லை. முழுசாகக் கொடுத்தவரைத் திட்டினால் நாக்கு அழுகிவிடும்.

ஆகவே நம்பிக்கைக்கு உரியது வட்டுதான் என்று முடிவு கட்டி, மூர் மார்க்கெட் பக்கமும் பழைய கடைகளிலும் அலைந்து டி.வி.டி.களாகச் சேர்த்திருக்கிறேன். ‘தில்லானா’ உண்டு, சீவாத சட்டம், கறுப்புப் பட்டையோடு. ‘உதிரிப்பூக்கள்’ உண்டு, ‘வீடு’ உண்டு. பிளேயர்தான் போன மாதம் ‘நோ டிஸ்க்’ என்று அடம்பிடிக்க ஆரம்பித்தது. ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நாலு கடை, நாலு பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஐந்தாவது கடைக்காரத் தம்பி மட்டும் திறந்து, ஊதி, ஒரு பஞ்சால் துடைத்துப் பார்த்தான்.

“லென்ஸ் போச்சு சார். பார்ட்ஸ் இப்ப வர்றதில்ல.”

“வேற வழியே இல்லையாப்பா?”

“இது எதுக்கு சார் கஷ்டப்படுறீங்க? எல்லாமே யூடியூப்ல இருக்கே” என்றான்.