அளந்து பார்க்காமல் இன்ஜினை இறக்காதீர்கள்



நீண்ட பதிவு இது. போன வாரம் என் சின்ன மகனின் காரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கமெண்ட்டுகளைப் படித்த பிறகு நாலு வரியோடு விட மனம் வரவில்லை. காபி போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிச்சிகனில் இருக்கும் என் சின்ன மகன் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். மாஸ்டா மியாட்டா, 1992 மாடல், 1.6 லிட்டர் இன்ஜின். இரண்டே சீட். துணிக் கூரை, பின்னால் மடக்கிவிடலாம். சுவிட்சைத் தட்டினால் ஹெட்லைட் இரண்டும் தூக்கத்திலிருந்து விழிப்பதுபோல் மேலே எழும். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலில் காட்டிய கார் இது. இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே அதிகம் விற்றது என்று கின்னஸ் சாதனை இதற்கு உண்டு. காலேஜ் படிக்கும்போதே இதன் படத்தை அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தான். 5,500 டாலருக்குக் கிடைத்தது, வாங்கிவிட்டான்.

இரண்டே மாதத்தில் இழுவை குறைவதாகத் தோன்றியிருக்கிறது. வேகம் ஏறினால் பின்பக்கத்திலிருந்து ‘ஊ...’ என்று ஒரு சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜினில் ‘டிக் டிக்’ என்று தட்டல். ஒர்க்‌ஷாப்பில் விட்டான். மறுநாள் ஒரு தாள் கொடுத்தார்கள். நாலு சிலிண்டரின் கம்ப்ரஷன்: 112, 110, 85, 112. (டயருக்குக் காற்றடிக்கும்போது 30, 32 என்று சொல்வோமே, அதே கணக்கு.) “நாலுமே விழுந்துவிட்டது, இன்ஜின் மாற்ற வேண்டும். சத்தம் கியர்பாக்ஸ் அல்லது டிஃபரன்ஷியல், இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.” மொத்தம் 6,800 டாலர்.

காரின் விலையைவிட அதிகம். குடும்ப குரூப்பில் உடனே தீர்ப்பு வந்துவிட்டது. “பழைய இரும்பை எடைக்குப் போடச் சொல்லுங்க மாமா” என்று ஒருவர். “அப்பவே சொன்னேன்” என்று இன்னொருவர். (எப்போது சொன்னார் என்று எனக்கு நினைவில்லை.)

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்த நாலு எண்ணையும் எப்படி எடுத்தார்கள்?

எண் இருந்தால் போதும், அது உண்மை என்று நம்பிவிடுகிறோம். கம்ப்ரஷன் கேஜ் பொய் சொல்லாது. ஆனால் பிடிப்பவன் அதைப் பொய் சொல்ல வைக்கலாம். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். நாலு பிளக்கையும் கழற்ற வேண்டும். இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்துவிட வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது ஒருவர் ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதித்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் திராட்டில் மூடியே இருக்கும், சிலிண்டருக்குள் காற்றே போகாது. மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு ஒருவனைப் பலூன் ஊதச் சொல்லிவிட்டு, நுரையீரல் கெட்டுவிட்டது என்று சீட்டு எழுதிக் கொடுப்பது மாதிரி.

அந்தக் காருக்குக் கையேடு சொல்வது 190-ஐ ஒட்டிய எண். இரண்டு மாதம் முன்புவரை ஒழுங்காக ஓடிய காரில் மூன்று சிலிண்டர் 112, 110, 112 என்று சொல்லி வைத்த மாதிரி ஒரே அளவுக்கு இறங்குமா? தேய்மானம் அப்படிக் கணக்குப் பார்த்துத் தேய்க்காது. எல்லாம் ஒரே சீராகக் குறைந்தால் முதலில் அளந்த விதத்தைச் சந்தேகப்பட வேண்டும், அடுத்து டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜின் மாற்றும் பேச்சு அதற்கெல்லாம் பிறகு.

மகன் போன் செய்து கேட்டான். பேட்டரி சார்ஜ் பார்த்ததாக நினைவில்லை, ஆக்ஸிலரேட்டரை யாரும் மிதிக்கவில்லை என்றார்களாம். சொன்ன தொனியில் வெட்கம் ஏதும் இல்லையாம்.

அங்கே பார்ட்ஸ் கடைகளில் டெபாசிட் கட்டினால் கேஜை இரவல் தருகிறார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வந்துவிடும். நல்ல பழக்கம். ஞாயிற்றுக்கிழமை அவனுடைய காலை, எனக்கு ராத்திரி. வாட்ஸ்அப் வீடியோவில் நான், காருக்குள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி மருமகள், கேஜோடு அவன். எண்கள் இப்படி வந்தன: 171, 169, 132, 172.

மூன்று சிலிண்டர் முப்பது வயது இன்ஜினுக்கு அருமையாக இருக்கிறது. மூன்றாவதில் மட்டும் கோளாறு. ஒர்க்‌ஷாப்காரர் முழுப் பொய் சொல்லவில்லை. உண்மையான ஒரு கோளாறைத் தப்பாக எடுத்த மூன்று எண்களுக்கு நடுவில் புதைத்துவிட்டார்.

அடுத்தது, பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைக்கும், எண் நன்றாக ஏறும். மூன்றாவது சிலிண்டர் 132-லிருந்து 135-க்குப் போய் நின்றது. ஆக ரிங் இல்லை. பிறகு பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, கார் உருளாமல் கியரில் போட்டு, கம்ப்ரஸர் காற்றைச் சிலிண்டருக்குள் விட்டுக் காதால் கேட்பது. காற்று எங்கே தப்பிக்கிறதோ அங்கேதான் ஓட்டை. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். திராட்டில் பக்கம் கேட்டால் உள்ளிழுக்கும் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். அவன் புகைக்குழாயில் காதை வைத்தான். “அப்பா, பாம்பு சீறுற மாதிரி கேக்குது” என்றான். எக்ஸாஸ்ட் வால்வு.

வால்வு என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். இன்ஜின் இருக்கிற இடத்திலேயே இருக்கும்.

காலை நேரத் தட்டல் சத்தத்தை “இன்ஜின் நாக்” என்று அந்தத் தாளில் எழுதியிருந்தார்கள். அந்த இன்ஜினில் வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தமே சரிசெய்துகொள்ளும். ஆயில் பழசானாலும் குறைந்தாலும் மேலே ஏறும்வரை அது தட்டும். மியாட்டா வைத்திருப்பவர்களுக்கு வீட்டுக் கடிகாரச் சத்தம் மாதிரி பழகிப்போன சங்கதி. ஆயில் மாற்றினான், முக்கால்வாசி அடங்கியது.

இனி என் தப்புக்கு வருகிறேன். இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதற்கு மரியாதை இல்லை.

அந்த ‘ஊ...’ சத்தத்தை அவன் போனில் பதிவு செய்து அனுப்பினான். நான் இரண்டு தடவை கேட்டுவிட்டு, “கிரவுன் பினியன்தான், டிஃபரன்ஷியல் போயிருக்கு” என்று சொல்லிவிட்டேன். முப்பது வருடம் பாடம் எடுத்த திமிர். அவன் என் பேச்சை நம்பிப் பழைய டிஃபரன்ஷியல் ஒன்றுக்கு 150 டாலர் முன்பணம் கட்டிவிட்டான். அதற்கப்புறம்தான் எனக்கே உறைத்தது, ஒர்க்‌ஷாப்காரரைத் திட்டிய அதே வாயால் அதே வேலையைச் செய்திருக்கிறேன்.

சத்தத்தைக் காதால் மட்டும் பிடிக்க முடியாது. எது மாறினால் சத்தம் மாறுகிறது என்று பார்க்க வேண்டும். வண்டி நிற்கும்போது நியூட்ரலில் சத்தம் வந்து கிளட்சை மிதித்தால் நின்றால், கியர்பாக்ஸ் முன்பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் பேரிங். இவன் வண்டியில் நிற்கும்போது சத்தமே இல்லை. நாற்பது மைல் வேகத்துக்கு மேல்தான். காலி ரோட்டில் அந்த வேகத்தில் நியூட்ரல் போட்டு ஓடவிடச் சொன்னேன். சத்தம் அப்படியே இருந்தது. ஆக இன்ஜினும் இல்லை, கிளட்சும் இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் விட்டும் பார்த்தான். கிரவுன் பினியனாக இருந்தால் பாரம் ஏறி இறங்கும்போது குரல் மாறும். மாறவில்லை. என் தீர்ப்பு அங்கேயே செத்தது. ஸ்டியரிங்கை மெல்ல இடது பக்கம் ஒடித்தால் சத்தம் கூடியது, வலது பக்கம் ஒடித்தால் குறைந்தது. இடது பக்கம் திரும்பினால் பாரம் வலது சக்கரத்தின் மேல் போகும். டயராகவும் இருக்கலாமே என்று முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டான். சத்தம் இடம் மாறவில்லை. வண்டியை நிறுத்தி, பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, வலது பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஸ்பிரிங்கின் மேல் விரலை வைக்கச் சொன்னேன். மணலை அரைப்பதுபோல் விரலில் தெரிந்ததாம்.

வீல் பேரிங். டிஃபரன்ஷியலில் ஒரு குறையும் இல்லை. 150 டாலர் திரும்பி வரவில்லை, அதை என் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

இப்போது கமெண்ட்டுக்கு வருகிறேன். 1997 பேட்ச் மாணவன், இன்று சொந்த ஒர்க்‌ஷாப் வைத்து எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுப்பவன், இப்படி எழுதியிருந்தான்: “சார், காலம் மாறிடுச்சு. அளந்து பாக்குற நேரத்துல மாத்தியே குடுத்துடலாம். அளக்குறதுக்கு எவனும் காசு தர மாட்டான். ஸ்கேனர் மாட்டுனா எல்லாம் சொல்லிடும்.” அதற்கு நூற்றுப் பன்னிரண்டு லைக். அதில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். அதுதான் வலித்தது.

தம்பி, ஸ்கேனர் சென்சார் சொல்வதைத்தான் சொல்லும். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இந்த மாதிரி காரில் கிடையாது. அமெரிக்காவில் எல்லாக் காருக்கும் பொதுவான ஸ்கேனர் பிளக் கட்டாயமானது 1996-ல். இவன் வண்டி 1992. உன் ஸ்கேனரை மாட்ட அதில் இடமே இல்லை. வீல் பேரிங் அரைவதை எந்த ஸ்கேனரும் சொல்லாது.

ஆனால் நீ சொன்னதில் ஒன்று முழு உண்மை, அதை மறுக்க எனக்கு வாய் இல்லை. அளப்பதற்கு யாரும் காசு தருவதில்லை. சொந்தக்காரர்களே, இது உங்களுக்கு. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் கேள்வி கேட்காமல் ஐயாயிரம் கட்டுகிறீர்கள். மெக்கானிக் ஒரு மணி நேரம் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு ஐந்நூறு கேட்டால், “சும்மா பாத்ததுக்கா?” என்கிறீர்கள். பார்ட்ஸ் மாற்றினால்தான் அவனுக்குக் கூலி என்றால் அவன் பார்ட்ஸைத்தான் மாற்றுவான். அந்த 6,800 டாலர் தாளில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது.

இருந்தாலும் தம்பி, அது உனக்கு மன்னிப்பு ஆகாது. அளக்கும் கூலியை முன்கூட்டியே சொல்லி வாங்கு. தர மாட்டேன் என்பவன் வண்டியைத் தொடாதே. அளக்காமல் இன்ஜினை இறக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இதை வகுப்பில் நான் யாருக்கும் சொன்னதில்லை.

1988. எங்கள் ஊரில் ஒருவர் ஒரே ஒரு பெட்ரோல் அம்பாசடரை வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்தினார். ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை. “வாத்தியார் பார்த்துச் சொல்லட்டும்” என்று என்னிடம் கொண்டுவந்தார். அன்று என்னிடம் கேஜ் கிடையாது. பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, “ரிங் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்” என்றேன். இறக்கினார்கள். பணத்துக்கு அவர் வீட்டு வளையல் அடகுக்குப் போனது. ஒரு வயதான மேஸ்திரி கழற்றிய ரிங்கைப் போருக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, “ரிங் நல்லாத்தானே இருக்கு சார்” என்றார். ராக்கரைக் கழற்றிய பையனைக் கூப்பிட்டு விசாரித்தார். “அந்த ஒரு ராக்கர் மட்டும் ஆடவே இல்லைண்ணே” என்றான் பையன். யாரோ டேப்பட் வைத்தபோது அந்த வால்வுக்கு இடைவெளி விடாமல் இறுக்கியிருக்கிறார்கள், வால்வு சீட்டில் உட்காரவே இல்லை. ராக்கர் கவரைத் திறந்து ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, ஃபில்லர் கேஜ் வைத்துப் பார்த்தால் முடிகிற வேலை.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகும் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் வைப்பார். அந்த வருடம் கோயம்புத்தூர் போய் என் சம்பளத்தில் ஒரு கம்ப்ரஷன் கேஜ் வாங்கினேன். உங்களில் பலர் தொழிற்பிரிவு வகுப்பில் தொட்டுப் பார்த்தது அதைத்தான். அரசு கொடுத்தது என்று நினைத்திருப்பீர்கள்.

மகன் போன வெள்ளிக்கிழமை ஹெட்டைக் கழற்றினான். மூன்றாவது சிலிண்டரின் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வில் ஒன்று, விளிம்பில் கடித்த பிஸ்கட் மாதிரி கருகிப் பிய்ந்திருக்கிறது. போட்டோ கமெண்ட்டில் போடுகிறேன். ஹெட் சீட் அடிக்கப் போயிருக்கிறது, கேஸ்கட்டும் பெல்ட்டும் பேரிங்கும் சேர்த்து ஆயிரத்து முந்நூறு டாலருக்குள் முடியும் போல் தெரிகிறது. பூட்டிய பிறகு நாலு எண்ணையும் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் எழுதுகிறேன்.

அந்தப் பழைய கேஜ் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. வாஷர் மட்டும் இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமானால் வீட்டுக்கு வந்து வாங்கிப் போகலாம். டெபாசிட் வேண்டாம், திருப்பிக் கொடுத்தால் போதும். 2009-ல் ஒருவன் வாங்கிப் போன ஃபில்லர் கேஜ் இன்னும் வரவில்லை. அவன் இதைப் படிப்பான் என்று தெரியும்.